கசகசாப் பால் ஏன் கசக்கிறது?

கேள்வி: மாமியாருக்கு 72 வயது. ராத்திரி தூக்கமே வருவதில்லை என்கிறார். கசகசாப் பால் கொடுத்துப் பாருங்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அரைத்துக் காய்ச்சினால் நறநறவென்று இருக்கிறது, கசப்பும் தட்டுகிறது. இரண்டு மடக்குக்கு மேல் குடிக்க மாட்டேன் என்கிறார். எப்படிச் செய்தால் வாய்க்கு இறங்கும்? அளவைக் கூட்டினால் நன்றாகத் தூங்குவாரா? இன்னொன்று, என் மகன் கப்பல் வேலையில் சேர அடுத்த மாதம் சிங்கப்பூர் போகிறான். அவனுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பலாமா? (தூத்துக்குடி வாசகி)

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கொடுத்து அனுப்பாதீர்கள், ஒரு ஸ்பூன்கூட வேண்டாம். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நல்ல கசகசா கசக்காது. ஒரு சிட்டிகை எடுத்து வெறும் வாயில் மென்று பாருங்கள். முந்திரிக்குப் பக்கத்தில் வரும் ஒரு மெல்லிய இனிப்பு தெரிய வேண்டும். கசந்தால் பெரும்பாலும் அது பழைய சரக்கு. கசகசாவின் எடையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய்தான். அஞ்சறைப்பெட்டியில் ஆறு மாதம் கிடந்தால் எண்ணெய் காறி, சிக்கு வாடை அடிக்கும். உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தாலே தெரிந்துவிடும். விலை அதிகம் என்பதால் தூக்கிப் போட மனம் வராதுதான். ஆனால் காறிய கசகசாவுக்கு எத்தனை ஏலக்காய் தட்டிப் போட்டாலும் பலன் இல்லை. ஐம்பது கிராமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கசப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அபின் எடுக்கும் செடியின் விதைதான் கசகசா. மத்தியப் பிரதேசத்தில் நீமச், மந்த்சௌர், ராஜஸ்தானில் சித்தோர்கர், உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி போன்ற இடங்களில் மத்திய அரசின் உரிமம் பெற்ற விவசாயிகள் இதைப் பயிரிடுகிறார்கள். பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். பிறகு காய் காய்ந்ததும் உடைத்து விதையை உதிர்க்கிறார்கள். விதைக்குள் அந்தப் பால் கிடையாது. ஆனால் உடைக்கும்போது காய்த்தூளும் உலர்ந்த பாலும் விதைமேல் ஒட்டிக்கொள்ளும். மார்பின் போன்ற மயக்கம் தரும் பொருட்கள் அதில் இருக்கின்றன, அவை கசக்கும். எவ்வளவு ஒட்டியிருக்கும் என்பது மூட்டைக்கு மூட்டை மாறும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அதனால் கழுவுவதுதான் இதில் முதல் வேலை. ஒரு கிராமில் ஏறத்தாழ மூவாயிரம் விதை இருக்கும், சாதாரண வடிகட்டியில் நழுவிவிடும். மெல்லிய வேட்டித் துணியை விரித்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி வடியுங்கள். பிறகு வெந்நீரில் இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள். ‘சத்தெல்லாம் அதில்தானே இறங்கியிருக்கும்’ என்று அதைச் சேர்த்து அரைப்பவர்கள் உண்டு. அதில் இறங்குவது சத்து அல்ல. கழுவாத விதையில் போட்ட பானத்தைத் தூக்கத்துக்கும் வலிக்கும் குடித்து, மூச்சு அடங்கி இறந்தவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள்.

இனி நறநறப்பு. மிக்ஸியின் பெரிய ஜாரில் பால் நிறைய ஊற்றி ஓட்டினால் விதை பிளேடில் மாட்டாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். சின்ன ஜாரை எடுங்கள். இரண்டு பேருக்கு இரண்டு டீஸ்பூன் கசகசா போதும், கூடவே தோலுரித்த எட்டு பாதாம். விழுது நகரும் அளவுக்கு மட்டும் பால் தெளித்து, நிறுத்தி நிறுத்தி அரையுங்கள். விரலில் தொட்டால் வெண்ணெய் மாதிரி வழுக்க வேண்டும். அம்மி இருந்தால் வேலை சுலபம், ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது!

விழுதை இரண்டு டம்ளர் பாலில் கரைத்து, சிறு தீயில் ஐந்து நிமிடம் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். பச்சை வாடை போனால்தான் ருசி வரும். பனங்கற்கண்டு, ஏலக்காய், ஒரு கல் உப்பு. உப்பை மறக்காதீர்கள், மிச்சமிருக்கும் லேசான கசப்பை அடக்குவது அதுதான். கருப்பட்டி பிடிக்குமென்றால் இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு பாகாக ஊற்றுங்கள், இல்லாவிட்டால் பால் திரிந்துவிடும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தண்ணீரில் விழுதைக் கொதிக்கவிட்டு, கடைசியில் தேங்காய்ப்பால் சேர்த்து உடனே இறக்கலாம். கர்நாடகத்தின் கசகசே பாயசத்துக்கு அரிசி, தேங்காய், வெல்லம் சேர்ப்பார்கள். கேட்டால் இதில் அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

இந்தப் பாலில் ஜாதிக்காயையும் உரசிப் போடச் சொல்வார்கள். கல்லில் ஒரு இழைப்பு, அவ்வளவுதான். அரைக் காய், முக்கால் காய் என்று பொடித்துப் போட்டுவிடாதீர்கள். ஐந்து கிராம் அளவிலேயே தலைசுற்றல், படபடப்பு, மனக்குழப்பம் வரலாம். ஒரு முழுக்காயே கிட்டத்தட்ட அந்த எடைதான் இருக்கும்.

அளவைக் கூட்டினால் தூக்கம் வருமா? நன்றாகக் கழுவிய கசகசாவில் தூங்கவைக்கும் சரக்கு பெரிதாக எதுவும் மிச்சமில்லை. வெதுவெதுப்பான பால், நிறைந்த வயிறு, படுக்கும் முன் யாரோ அக்கறையாகக் கொண்டுவந்து கொடுக்கும் டம்ளர், இவற்றுக்குத்தான் பாதிப் பெருமை. கூட்டினால் மலச்சிக்கல் வேண்டுமானால் வரும். உங்கள் மாமியார் தூக்க மாத்திரையோ டிரமடால் போன்ற வலி மாத்திரையோ சாப்பிடுகிறாரா? அப்படியானால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுங்கள். 72 வயதில் திடீரென்று தூக்கம் கெட்டால் அதற்கே ஒரு காரணம் இருக்கும், அதையும் கேட்டுவிடுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதற்கு இந்தப் பாலை ஒரு சங்குகூடப் புகட்டக் கூடாது. நாட்டு மருந்து என்று யாராவது போஸ்தக்காய்த் தோலை, அதாவது விதை உதிர்த்த அபின் காயின் ஓட்டை, கொண்டுவந்து கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அபின் செடியில் விதையை மட்டும்தான் விட்டுவைத்திருக்கிறது. உரிமம் இல்லாமல் தோல் வைத்திருந்தால் குற்றம்.

சரி, மகன் விஷயம். சிங்கப்பூரில் கசகசா தடைப் பட்டியலில் இருக்கிறது, ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் அப்படித்தான். நம்மூர் மளிகைக் கடை பில்லைக் காட்டி அங்கே தப்பிக்க முடியாது. போதாததற்கு, கப்பல் வேலைக்குச் சேரும்போது சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. கசகசா சாப்பிட்டவர்களின் சிறுநீரில் ஓரிரு நாள் மார்பின் தெரியலாம். இதனால்தான் அமெரிக்க அரசுப் பணியிடப் பரிசோதனையில் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம் என்றிருந்த வரம்பை 1998-இல் 2000 ஆக உயர்த்தினார்கள். ஒவ்வொரு கம்பெனியும் எந்த வரம்பை வைத்திருக்கிறது என்று நமக்கென்ன தெரியும்? பரிசோதனை முடியும் வரை கசகசா அரைத்த குருமாவையும் அவன் தள்ளிவைப்பது நல்லது.

இலங்கைத் தமிழர் யாராவது ‘நாங்கள் கசகசா போட்டுச் சர்பத்தே குடிக்கிறோமே’ என்றால் குழம்ப வேண்டாம். அங்கே அந்தப் பெயர் சப்ஜா விதைக்கு, ஊறினால் வழுவழுவென்று உப்பும் கறுப்பு விதை. அது வேறு செடி.

பெட்டி கட்டும்போது வீட்டில் அரைத்த குருமாப் பொடி, பிரியாணி மசாலா எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள். கசகசா சேர்ந்திருந்தால் அதையும் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.