அம்பயரிடம் கேளுங்கள்

திருகோணமலை கிரிக்கெட் மைதானங்களில் பல வருடமாக அம்பயராக நின்று திட்டு வாங்கியவன் நான். கேளுங்கள், சொல்கிறேன்.

உப்புவெளி: அண்ணா, மென்பந்துப் போட்டியில் எல்பிடபிள்யூ கொடுத்த அம்பயரை அடிக்கப் போய்விட்டார்கள். அவர் செய்தது பிழையா?

ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் மறித்தால் அவுட் என்ற எல்பிடபிள்யூ சட்டத்தில் இருக்கிறது. ஊர் மென்பந்தில் பெரும்பாலும் வைப்பதில்லை. உண்டா இல்லையா என்று நாணயம் சுண்டுமுன் இரண்டு கப்டன்மாரிடமும் அவர் பேசினாரா? பேசியிருக்கமாட்டார். சண்டை அங்கேயே தொடங்கிவிட்டது.

பாலையூற்று: பிடி எடுத்தும் யாரும் அப்பீல் கேட்கவில்லை. நான் விரலைத் தூக்கிவிட்டேன்.

பிழை. கேட்காமல் அவுட் கொடுக்கக்கூடாது. போலர் அடுத்த பந்துக்கு ஓடத் தொடங்கும்வரை கேட்க அவர்களுக்கு நேரம் உண்டு.

கோட்டையடி: எல்லைக்குப் போன பந்து மானில் பட்டு நின்றுவிட்டது. நாலா?

நம்மூர்க் கேள்வி! ஒருமுறை ஃபைன் லெக்கில் ஒரு பெண்மான் சாப்பாட்டுப் பார்சல் தாளை மென்றபடி நின்றது. பந்து காலில் பட்டும் அசையவில்லை, திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தது. ஃபீல்டர் அதற்குப் பயந்து பந்தையே எடுக்கவில்லை. மைதானத்துக்குள் ஆளோ விலங்கோ வந்து ஒரு பக்கத்துக்கு நட்டமானால் டெட் போல், அதாவது அந்தப் பந்தின் ஆட்டம் நின்றது என்று, சொல்லவேண்டும் என 2022 திருத்தத்தில் சேர்த்திருக்கிறார்கள். இருந்தாலும் நான் மானைப் பற்றியும் நாணயம் சுண்டுமுன்னே பேசிவிடுவேன்.

நிலாவெளி: வைட் எது என்றுதான் ஒவ்வொரு மட்சிலும் சண்டை.

சுண்ணாம்புக் கோடு போடுங்கள். எப்போது? நாணயம் சுண்டுமுன்.

உவர்மலை: பந்து போடுமுன் கோட்டை விட்டு ஓடிய நொன்-ஸ்ட்ரைக்கரை (போலர் பக்கம் நிற்கும் துடுப்பாளரை) போலர் ரன் அவுட் ஆக்கினார். நான் அவுட் கொடுத்தேன். கேவலமான வேலை என்று இன்னும் ஏசுகிறார்கள்.

ஏசட்டும். சரியாகத்தான் கொடுத்திருக்கிறீர்கள். 2014இல் பர்மிங்ஹாமில் நம் சச்சித்ர சேனாநாயக்க இங்கிலாந்தின் பட்லரை இப்படித்தான் ஆட்டமிழக்கச் செய்தார், அதுவும் எச்சரித்த பிறகு. 2022இல் இதை ‘முறையற்ற ஆட்டம்’ பகுதியிலிருந்து எடுத்து ரன் அவுட் விதிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

அலஸ்தோட்டம்: ஆனால் எச்சரிக்காமல் செய்வது நாகரிகமா, சேர்?

இரண்டு அடி களவாக ஓடுவது நாகரிகமா, தம்பி? எச்சரிக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. போலர் வழமையாகப் பந்தை விடும் கணத்துக்கு முன்னா பின்னா என்பதை மட்டும் பாருங்கள்.

அலஸ்தோட்டம்: நீங்கள் விளையாடிய காலத்தில் செய்தீர்களா?

இல்லை. ஒருமுறை எனக்குச் செய்தார்கள். மரத்தடியில் போயிருந்து ஒரு மணிநேரம் ஏசினேன். சட்டப்படி அப்போதும் அது அவுட்தான்.

கிண்ணியா: கொடுத்த முடிவை மாற்றலாமா?

உடனே என்றால் மாற்றலாம். 2019 உலகக் கிண்ண இறுதியில் ஐந்துக்குப் பதில் ஆறு ஓட்டம் கொடுத்தது பிழைதான் என்று அதில் அம்பயராக நின்ற நம் குமார் தர்மசேனவே பிறகு சொன்னார். மட்ச் முடிந்தபின் சொல்லி எதை மாற்றுவது?

சாம்பல்தீவு: கணுக்கால் பிரண்டுவிட்டது, என்ன பூசலாம்?

டாக்டரிடம் போங்கள்.

முற்றவெளி: எல்பிடபிள்யூ உண்டா அண்ணா?

மேலே போய் வாசியுங்கள்.

உப்புவெளி: அம்பயருக்கு என்ன கொடுப்பது?

பெற்றோல் காசும் ஒரு சோற்றுப் பார்சலும். பார்சலை மானுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.