வீட்டுத் தோல் பட்டறைக்கு எந்த பிரஸ், எந்தக் கைக்கருவி?

வணக்கம் ஐயா. பெரம்பூரில் இரண்டாம் மாடி வீட்டில் பர்ஸும் பெல்ட்டும் தைக்கத் தொடங்கியிருப்பதாகவும், சுத்தியல் சத்தத்தால் கீழ்வீட்டார் சிரமப்படுவதால் 12 டன் ஹைட்ராலிக் பிரஸ் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. தோலை வெட்டும் பெரிய அச்சு வைத்து ஒரே வடிவத்தை நூறு நூறாக வெட்டும்போதுதான் அவ்வளவு அழுத்தம் தேவைப்படும். தையல் துளை போடவும், பட்டனும் ரிவெட்டும் பொருத்தவும், சிறு முத்திரை பதிக்கவும், பற்சக்கரத்தாலும் கைப்பிடியாலும் இயங்கும் 1 டன் ஆர்பர் பிரஸ் போதும். அதில் சத்தமும் அதிகம் வராது. அதைக் கனமான பலகையில் போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். இல்லையேல் கைப்பிடியை இழுக்கும்போது பிரஸ் முன்பக்கம் சாயும்.

மிச்சமாகும் பணத்தைக் கைக்கருவிகளில் போடுங்கள். முக்கியமாக, தையல் துளை போடும் பல்லுளியை வாங்குமுன் அதன் பற்களை விரலால் தடவிப் பாருங்கள். பக்கவாட்டில் பிசிறு இருந்தால் உளி தோலுக்குள் இறங்கும், எளிதில் வெளியே வராது. என்னுடைய முதல் உளி அப்படித்தான் ஒரு நல்ல பெல்ட்டைக் கிழித்தது. 1000 எண் வாட்டர் பேப்பரை மடித்துப் பற்களின் இடுக்குகளைத் தேய்த்து, தேன்மெழுகில் ஒருமுறை குத்தியெடுத்த பிறகே வழுக்கி வந்தது.

கத்தியையும் உளியையும் தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். நம் ஊர்க் கடற்காற்றின் ஈரத்தைத் தோல் பிடித்துக்கொள்வதால் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். தையல் மிஷின் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். புதுக் கருவியைப் பழக, பெரியமேட்டுத் தோல் கடைகளில் துண்டுத்தோல் கேட்டு வாங்குங்கள்.