கிரோன் நோய் எப்படிப் போகும் என்று எபிஜெனடிக் டெஸ்ட் சொல்லுமா?

கேள்வி: எனக்குக் கிரோன் நோய் (குடலில் நீடிக்கும் அழற்சி) இருப்பது போன மாதம்தான் உறுதியானது. ரத்தத்தில் டி.என்.ஏ. மெத்திலேஷன் பார்த்தால் நோய் முற்றுமா, ஆபரேஷன் வரை போகுமா என்று முன்கூட்டியே தெரியும் என ஒரு விளம்பரம் பார்த்தேன். எடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

விளம்பரம் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். டி.என்.ஏ.வின் எழுத்து மாறாமலே அதன்மேல் மெத்தில் என்ற சின்ன வேதிக்குழு ஒட்டும் (இதுதான் மெத்திலேஷன், இப்படி எழுத்து மாறாமல் வரும் மாற்றங்களைத்தான் எபிஜெனடிக் என்கிறார்கள்), அது ஒட்டும் இடத்தைப் பொறுத்து மரபணு கூடவோ குறையவோ வேலை செய்யும், வயது, புகைபிடித்தல், அழற்சி எல்லாமே இதை மாற்றும். ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவருக்குக் கிரோன் வந்தும் இன்னொருவருக்குப் பல நேரம் வராமலே போவதால் ஆராய்ச்சியாளர்கள் இதில் கண் வைத்திருப்பது நியாயம்தான்.

சிக்கல் ரத்தத்தில் இருக்கிறது. அழற்சி ஏறும்போது ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகையின் பங்கு கூடும், லிம்போசைட் என்ற வகையின் பங்கு குறையும். ஒவ்வொரு வகை செல்லுக்கும் தனி மெத்தில் அமைப்பு உண்டு என்பதால், நீங்கள் பார்க்கும் மாற்றம் வெறும் செல் கலவை மாறியதாகவே இருக்கலாம். கிரோன் உள்ள குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-ல் வந்த ஆய்வில், நோய் கண்டறிந்தபோது இருந்த மாற்றங்களில் பெரும்பாலானவை சிகிச்சைக்குப் பின் இயல்புக்குத் திரும்பின. யாருக்குப் பின்னாளில் சிக்கல் வரும் என்பதையும் அவை காட்டவில்லை. அதாவது இன்று குடல் எவ்வளவு கொதிக்கிறது என்பதைத்தான் காட்டின. அதை அழற்சியை அளக்கும் சாதாரண ரத்த டெஸ்ட்டான சி.ஆர்.பி.யே சொல்லிவிடும்!

குடல் உட்சுவர் செல்களின் கதை வேறு. அவற்றின் அடையாளங்கள் ஆய்வகத்தில் வளர்த்தாலும் பெருமளவு அப்படியே நிற்கின்றன, எதிர்பார்ப்பு இருந்தால் அங்கேதான். வெடோலிசுமாப், உஸ்டெகினுமாப் போன்ற கிரோன் மருந்துகள் யாருக்குக் கேட்கும் என்று மெத்திலேஷனை வைத்துக் கணிக்கும் முயற்சியும் நடக்கிறது. ஆனால் விளம்பரம் பார்த்து வாங்கும் நிலைக்கு எதுவும் வரவில்லை.

இதைவிட உங்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. பிரிட்டனில் புதிதாகக் கிரோன் கண்டறியப்பட்ட 386 பேரிடம் நடத்தி 2024-ல் வெளியான ‘ப்ரொஃபைல்’ ஆய்வு, ஒரு ரத்த மரபணு டெஸ்ட்டை வைத்துச் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கலாமா என்றுதான் கேட்டது (அது எபிஜெனடிக் டெஸ்ட் அல்ல, மரபணுச் செயல்பாட்டை அளப்பது). டெஸ்ட் உதவவில்லை. ஆனால் ஆரம்பத்திலேயே இன்ஃப்ளிக்சிமாப் என்ற அழற்சி அடக்கும் மருந்தும் நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 79 சதவீதம் பேர் 48 வாரம் வரை, மறுபடி ஸ்டீராய்டோ அவசர ஆபரேஷனோ இல்லாமல் கட்டுப்பாட்டில் இருந்தார்கள். படிப்படியாக மருந்து கூட்டிய குழுவில் வெறும் 15 சதவீதம். உங்களுக்கும் அது பொருந்துமா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். சிறுகுடலில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, ஆழமான புண் உண்டா, ஆசனவாயைச் சுற்றிப் புரை (ஃபிஸ்டுலா) உண்டா என்றும் கேளுங்கள், நோயின் போக்கை ஊகிக்க டாக்டர்கள் இன்றும் நம்புவது இவற்றைத்தான்.

அப்புறம், புகைபிடித்தால் விட்டுவிடுங்கள். மலத்தில் கால்புரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) அளவை அவ்வப்போது பாருங்கள், வயிற்றில் தொந்தரவு இல்லாதபோதும். ஏற்கெனவே அந்த டெஸ்ட்டுக்குப் பணம் கட்டியிருந்தால், ரிப்போர்ட்டில் ‘ஆபத்து குறைவு’ என்று வந்தாலும் மருந்தை நிறுத்தாதீர்கள்.