ஈ ஓட்டுவதும் வேலைதான்

கேள்வி: நான் ஓர் ஊர்ப்புற நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்தால் அதிகம். காலையில் செய்தித்தாள் படிக்க நாலு பெரியவர்கள், சாயங்காலம் சில பள்ளிக்கூடப் பிள்ளைகள். மீதி நேரமெல்லாம் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சம்பளம் வாங்கும்போது மனசு உறுத்துகிறது. வேலை இல்லாத நேரத்தில் ஊழியரின் பொறுப்பு என்ன? அந்த நேரத்தில் குரூப் தேர்வுக்குப் படித்துக்கொள்ளலாமா?
(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: ஈ ஓட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். வியாபாரம் படுத்துப்போன கடைக்காரரைத்தான் நாம் அப்படிச் சொல்வோம். வெட்டியாக உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். ஆனால் நிஜமாகவே ஈ ஓட்டுகிறவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா?

எங்கள் தெரு திரும்புகிற இடத்தில் ஒரு மீன்கார அம்மா உட்காருவார். காலை பத்து மணிக்குள் பாதிக்கு மேல் விற்றுவிடும். அப்புறம் வெகுநேரம் ஆள் வராது, ஈ மட்டும் தவறாமல் வரும். மிச்சமிருக்கும் சங்கராவையும் மத்தியையும் அலுமினியத் தட்டில் அடுக்கி, ஈரச் சாக்கால் பாதி மூடியிருப்பார். வலது கையில் ஒரு வேப்பங்கொத்து. அது நிற்கவே நிற்காது. இடது கை அவ்வப்போது வாளித் தண்ணீரை அள்ளித் தெளிக்கும். நடுவில் அரிவாள்மனையைக் கழுவித் துடைத்து வைப்பார். ஒருநாள் மண்டையைப் பிளக்கும் வெயிலில், "யாவாரம்தான் இல்லையேம்மா, கட்டிக்கிட்டுக் கிளம்பலாமே?" என்று கேட்டேன். "ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரி டூட்டி முடிஞ்சு நர்சம்மா வரும் சார். அது வர்றப்ப மீனு மீனா இருக்கணும்ல?" என்றார்.

ஒரு மணி வெயிலில் அவர் பார்த்த வேலை, ரெண்டு மணிக்கு வரப்போகிற ஒருவருக்கானது. வேலை குறைந்த நேரத்தில் ஊழியரின் பொறுப்பு என்று நான் நம்புவதும் அதையேதான். இன்னும் வராத ஆளுக்காக இடத்தைக் கெடாமல் வைத்திருக்க வேண்டும்.

எனக்கு இதை முதலில் சொல்லிக்கொடுத்தவர் ஓர் அச்சகத்து ஃபோர்மேன். 1979ல் ஒரு சின்ன அச்சகத்தில் பிழை திருத்தப் போனேன். ஈய எழுத்தைக் கையால் கோத்து அச்சடித்த காலம். ஆடி பிறந்தால் கல்யாணப் பத்திரிகை கிடையாது, அச்சகம் வெறிச்சோடிவிடும். ஃபோர்மேன் மட்டும் அந்த மாதத்தில்தான் எங்களைப் பிழிந்து எடுப்பார். அடித்து முடித்த பக்கங்களைக் கழுவி, ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து, அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். முந்தின வருடம்தான் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டிருந்தது. அதனால் தும்பிக்கைபோல் வளைந்த பழைய லை, ணை எல்லாவற்றையும் பொறுக்கித் தனியே எடுக்கிற வேலையும் சேர்ந்துகொண்டது. "ஆடியில பிரிச்சுப் போடாதவன் ஆவணியில திண்டாடுவான்" என்பார்.

நான் ஒருநாள் சினிமாவுக்குப் போகிற அவசரத்தில் ஒரு கை எழுத்தைப் பார்க்காமல் கொட்டிவிட்டுப் போனேன். ‘ன’ அறையும் ‘ண’ அறையும் கலந்துவிட்டன. ஆவணியில் ஒரு பத்திரிகையில் மணமகள், ‘மனமகள்’ ஆகிவிட்டாள். அச்சுக் கோத்தவர் கை பழகிய அறையிலிருந்து எடுத்தார், அவர்மேல் குற்றமில்லை. ப்ரூஃபில் நானும் தவறவிட்டேன். முந்நூறு பத்திரிகை வீண். பெண்ணின் அப்பா வாசலில் நின்ற நிலையை இன்றைக்கும் மறக்கவில்லை. கோபப்படக்கூட இல்லை அவர். கையில் ஒரு பத்திரிகையை வைத்துக்கொண்டு அந்த எழுத்தையே விரலால் தடவிக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்க உட்கார்ந்து வேறு அடித்துக் கொடுத்தோம். வேலை இல்லாத ஒரு மத்தியானத்தில் நான் செய்த பிழை, வேலை நெருக்கிய நாளில் வேறொருவர் வீட்டில் போய் விடிந்தது.

சரி, நூலகத்துக்கு வருகிறேன். உங்களைப்போலவே நூலகத்தில் உட்கார்ந்து நொந்துபோன ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராகப் போனார். வகுப்பில் பிள்ளைகளோடு பேசிப் பழகியவருக்கு அந்த அமைதி தாங்கவில்லை. கொஞ்ச நாளிலேயே, பொழுது போகவில்லை, பழைய வேலையையே கொடுங்கள் என்று திரும்பப் போய்க் கேட்டார். இந்திய நூலக இயலின் தந்தை என்று நாம் பாடத்தில் படிக்கிற அதே மனிதர்தான். லண்டனுக்குப் போய் நூலகங்கள் எப்படி நடக்கின்றன என்று படித்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்காவிட்டால் வாத்தியார் வேலை உங்களுக்கு உண்டு என்று ஓர் உடன்பாட்டோடு அனுப்பினார்கள்.

அங்கே அவர் வகுப்பில் மட்டும் உட்காரவில்லை. நூலகம் நூலகமாகப் போய்ப் பார்த்தார். லண்டனில் ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். துளை போட்ட சின்னச் சின்னத் தகடுகள், திருகாணிகள். அதே துண்டுகளை மாற்றி மாற்றிக் கோத்தால் விதவிதமான பொம்மைகள் வரும். புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துக் கோக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்த அவர் வகுத்து 1933ல் வெளியான கோலன் பகுப்பு முறைக்கு விதை அங்கே விழுந்தது. அதற்கு முன்பே, 1931ல், நூலக இயலின் ஐந்து விதிகளை எழுதிவிட்டார். அதே வருடம் அக்டோபரில் மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் கொண்டுபோனபோது தொடங்கிவைத்தவரும் ரங்கநாதன்தான். 1948ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அப்படி வந்த முதல் சட்டம் அது. அதன் பின்னாலும் அவர் உழைப்பு இருக்கிறது.

லண்டனிலிருந்து திரும்பியவர் வாத்தியார் வேலையைக் கேட்கவே இல்லை. ஏறக்குறைய இருபது வருடம் அந்த நூலகத்திலேயே இருந்தார். பொழுது போகவில்லை என்று அவர் புலம்பிய நாளிலும் அத்தனை வேலையும் அங்கேதான் கிடந்தது. கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் நூலகத்திலும் கிடக்கும். அவருடைய ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது. புத்தகத்தின் உள்ளே தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும் இல்லையா? நாளைக்கு ஒரே ஓர் அலமாரியை எடுத்துக்கொண்டு அந்தச் சீட்டுகளை மட்டும் புரட்டிப் பாருங்கள். கடைசி முத்திரை விழுந்து பத்து வருடமான புத்தகம் இருக்கும். ஒரு முத்திரைகூட விழாத புத்தகமும் இருக்கும், அதன் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கோழி வளர்ப்பு, கிணற்று மோட்டார் பழுது பார்ப்பது, பிரசவத்துக்குப் பிந்திய உணவு என்று எதுவாகவும் இருக்கலாம். அதற்குரிய ஆள் உங்கள் ஊரில் இருப்பார், இந்தப் புத்தகம் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்காது. செய்தித்தாள் மேசையில் அதை எடுத்து வையுங்கள். அந்த நாலு பெரியவர்களில் ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போவார்.

அப்புறம், இடம் மாறி நிற்கிற புத்தகம் தொலைந்த புத்தகம். தேடி வருகிறவர் இல்லை என்று திரும்பிவிடுவார், அதுவோ ரெண்டு தட்டு தள்ளி நின்றுகொண்டிருக்கும். ஒரு நாளைக்கு ஒரு தட்டு சரி பார்த்தால் போதும். இராமபாணப் பூச்சி வந்திருக்கிறதா என்றும் பாருங்கள், மழைக்காலத்தில் சுவரோரத்து அலமாரியை முதலில் பாருங்கள். வசம்புத் துண்டு வைப்பது நம் வீடுகளில் ஏட்டுச் சுவடிக்குச் செய்ததுதான். நீங்கள் ஓட்ட வேண்டிய ஈ இதெல்லாம்தான்.

இந்த இடத்தில் ஒரு பழைய சண்டையைத் திரும்ப எடுக்காமல் இருக்க முடியவில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு வாசகர், ஆள் வராத ஊர்ப்புற நூலகங்களை மூடிவிட்டு அந்தப் பணத்தில் ஊருக்கெல்லாம் வைஃபை கொடுக்கலாம் என்று எழுதினார். கோபமாகப் பதில் சொன்னேன். அவர் அதைவிடக் கோபமாக ஒரு கடிதம் போட்டார், அதையும் வெளியிட்டேன். நான் இன்றைக்கும் இறங்கி வருவதாக இல்லை. தீயணைப்பு நிலையத்தில் மாதக்கணக்கில் மணி அடிக்காமல் இருந்தால் வண்டியை விற்றுவிடலாம் என்று யாராவது சொல்வார்களா? அந்த மாதங்களிலும் அவர்கள் பம்பை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள், ஹோஸை விரித்துச் சுருட்டுகிறார்கள். ஊரில் நெருப்பு வேண்டும் என்று யாரும் விரும்புவதில்லை, ஆனால் அவர்கள் தயாராக இருக்க வேண்டும் என்று எல்லோரும் விரும்புகிறோம். வீட்டில் படிக்க ஒரு மூலை இல்லாத பிள்ளைக்கு உங்கள் மேசையும் மின்விசிறியும் அப்படித்தான். அது எந்த வருடம் வரும் என்று யாருக்குத் தெரியும்? வருகிற அன்றைக்குக் கதவு திறந்திருக்க வேண்டும்.

மனசு உறுத்துகிறது என்கிறீர்கள். நம் ஊரில் சொத்து வரி கட்டுகிறவர் ஒவ்வொருவரும் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறார். அவர்களில் எத்தனையோ பேர் நூலகப் படியை மிதித்ததே இல்லை. அந்தப் பணத்தை நினைத்தால் உறுத்துவது நல்லதுதான். ஆனால் உறுத்தல் தீர வேண்டுமென்று வேலை இருப்பதுபோல் காட்டிக்கொள்ளாதீர்கள். அதை மட்டும் செய்யாதீர்கள்.

பத்திரிகைக்கு வருவதற்கு முன் ஓர் அலுவலகத்தில் கொஞ்ச நாள் இருந்தேன். எங்கள் பிரிவில் மூன்று பேருக்கு ஒருவர் பார்க்கிற வேலைதான் இருந்தது. மேலதிகாரி செருப்புச் சத்தம் கேட்டதும் மூவரும் லெட்ஜரைத் திறந்து பேனாவை எடுப்போம். சும்மா இருக்கிற ஆளைக் கண்டால் பதறி, பழைய பதிவேட்டைப் புதிய பதிவேட்டில் படியெடுக்கச் சொல்கிறவர் அவர். அதற்குப் பயந்தே நடித்தோம். பக்கத்து அறையில் ரெண்டு பேர் ராத்திரி எட்டு மணி வரைக்கும் பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு அம்மாவுக்குக் கைக்குழந்தை. எங்களிடம் ஆள் மிச்சம் என்று நாங்களும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அந்த அம்மா வேலையை விட்டுவிட்டுப் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வேலை இல்லை என்று சொன்னவரைத் தண்டிக்கிற அதிகாரி, அடுத்த அறையில் நடப்பது தனக்குத் தெரியாமல் தானே கதவைச் சாத்திக்கொள்கிறார். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது.

அதனால் எழுதிக் கொடுங்கள். உங்கள் மாவட்ட நூலக அலுவலருக்கு உள்ளது உள்ளபடி ஒரு பக்கம் எழுதுங்கள். இந்த மாதம் இத்தனை பேர் வந்தார்கள், இந்தப் புத்தகங்களைக் கேட்டார்கள், இவை நம்மிடம் இல்லை, எனக்கு இத்தனை மணி நேரம் மீதமிருக்கிறது, பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் எடுத்துப் போக அனுமதி கொடுங்கள் என்று எழுதுங்கள். எண்ணிக்கை குறைந்தால் மூடிவிடுவார்கள், வருகைப் பதிவேட்டில் ரெண்டு பெயர் சேர்த்து எழுதுங்கள் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கேட்டும் கிடைக்காத புத்தகங்களின் பட்டியல் அதைவிடப் பலமான சாட்சி.

குரூப் தேர்வுக்குப் படிக்கலாமா? தாராளமாகப் படியுங்கள். தட்டு சரி பார்த்து முடித்த பிறகு, உங்கள் மேசையிலேயே, எல்லோரும் பார்க்கப் படியுங்கள். நூலகர் படிப்பதைப் பார்க்கிற பிள்ளைக்கும் அது நல்லது. ஒன்றே ஒன்று. வாசலில் நிழல் தட்டியதும் புத்தகத்தை மூடி, தலையை நிமிர்த்தி, வாங்க என்று சொல்லிவிடுங்கள். தேர்வில் தேறி நீங்கள் வேறு வேலைக்குப் போனால், உங்கள் இடத்துக்கு வருகிறவருக்கு அலமாரிச் சாவியோடு அந்தப் பட்டியலையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். தேதிச் சீட்டில் வெகுநாளாக முத்திரை விழாத புத்தகங்களில் பத்தின் பெயரை எழுதி எனக்கு அனுப்புங்கள். ஊர்ப் பெயர் போடாமல் அடுத்த மாதம் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன். அந்தப் பக்கத்தை வெட்டி உங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். பத்தில் ஏதாவது ஒன்றில் புது முத்திரை விழுந்தால் ஒரு கார்டு போடுங்கள்.