வரிசை நம்பரை வீட்டிலிருந்தே பார்க்க என்ன வாங்கலாம்?

கேள்வி: உப்புவெளியில் எங்கள் டிஸ்பென்சரிக்கு மாலையில் டொக்டர் வருவார். நம்பர் துண்டு கொடுக்கிறோம். நம்பர் காட்டும் சிவப்பு லைட் பலகையும் சுவரில் இருக்கிறது. ஆனால் உள்ளே பத்துப் பேருக்குத்தான் கதிரை. நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியாவிலிருந்து வருகிறவர்கள் கைக்குழந்தையோடு வாசலில் நிற்கிறார்கள். ஒரு கம்பனி தொடுதிரை இயந்திரமும் மாதக் கட்டணத்தில் எஸ்எம்எஸ் சேவையும் தருவதாகச் சொல்கிறது. அந்த விலை எங்களுக்குக் கட்டாது. மலிவான வழி உண்டா?

பதில்: உண்டு. இருக்கிற பலகையைக் கழற்ற வேண்டாம், தொடுதிரையும் வேண்டாம். உங்கள் பலகையில் ஒரே ஒரு குறைதான்: அது காட்டும் நம்பர் அறைக்கு வெளியே தெரியாது. அந்த நம்பரை வெளியே அனுப்ப மட்டும் செலவழியுங்கள்.

முதலில் கவுண்டருக்கென்று தனி சிம் போட்ட ஒரு போனில் வட்ஸ்அப் பிசினஸ் செயலியை இறக்குங்கள். அது இலவசம். அந்த இலக்கத்துக்குச் செய்தி அனுப்பும் கியூஆர் குறியை அச்சடித்து வாசலில் ஒட்டுங்கள். துண்டு வாங்கியவர் அதை ஸ்கான் செய்து "34" என்று மட்டும் அனுப்பட்டும். 2022இல் பெற்றோலுக்கு நின்ற சனத்துக்குக் கியூஆர் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. பலகையில் 29 வந்ததும் கவுண்டரில் இருப்பவர் 34க்குப் பதில் போடுவார். அடிக்கடி எழுதும் வசனங்களை விரைவுப் பதிலாகச் சேமித்து வைத்தால் இரண்டு தட்டில் போய்விடும்.

வாடிக்கையாளரே முதல் செய்தியை அனுப்புவதுதான் இதில் முக்கியம். இலக்கத்தைப் பிழையாக எழுதி யாரோ ஒருவருக்குச் செய்தி போகாது. அவர் தானாக விரும்பித் தொடர்பு கொண்டார் என்பதும் தெளிவு. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பலாம் என்று பிராட்காஸ்ட் பட்டியலை நம்பாதீர்கள். உங்கள் இலக்கத்தைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். மொத்தமாக வட்ஸ்அப் செய்தி அனுப்பும் மென்பொருள் என்று மலிவாக விற்பவற்றின் பக்கம் போகவே வேண்டாம். உங்கள் இலக்கமே முடக்கப்படலாம்.

இன்னும் எளிதான வழி, கூகுள் ஷீட்டில் ஒரே ஒரு கட்டம். அதில் இப்போதைய நம்பரை மட்டும் போட்டு, யாரும் பார்க்கலாம், யாரும் மாற்ற முடியாது என்று இணைப்பைப் பகிருங்கள். அதையும் கியூஆராக்கித் துண்டிலேயே அச்சடிக்கலாம். 'இணையத்தில் வெளியிடு' என்ற தெரிவைப் பாவிக்க வேண்டாம், அதில் மாற்றம் தெரியச் சில நிமிடங்கள் பிந்தும். சாதாரணப் பகிர்வு இணைப்பே போதும். நோயாளியின் பெயர் அந்த ஷீட்டில் எக்காரணம் கொண்டும் வரக்கூடாது. ஐந்து நம்பருக்கு ஒருமுறை மாற்றினாலும் பரவாயில்லை, ஆனால் யார் மாற்றுவது என்று ஒருவரின் பொறுப்பில் விடுங்கள். எல்லோரும் செய்யலாம் என்று விட்டால் ஒருவரும் செய்யமாட்டார்கள்.

சரி, டேட்டா இல்லாத போன் வைத்திருக்கும் அம்மம்மாவுக்கு என்ன வழி? மிஸ்ட் கோல்தான். "இந்த இலக்கத்திலிருந்து இரண்டு ரிங் வந்தால் உள்ளே வாங்கோ" என்று துண்டைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். எடுக்காத அழைப்புக்குக் காசில்லை, வாசிக்கத் தெரிய வேண்டியதும் இல்லை. எந்த மொழி பேசுபவருக்கும் பொருந்தும். நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான்.

எஸ்எம்எஸ் வேண்டுமென்றே நினைத்தால் ஒரு கணக்கைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழிலும் சிங்களத்திலும் 70தான், அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். "அன்பார்ந்த வாடிக்கையாளரே" என்று தொடங்கினால் அதற்கே 24 போய்விடும். 70ஐத் தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ் காசு. "இப்போது 29. உங்கள் எண் 34. வந்து அமருங்கள்." என்பது இடைவெளியோடு 43தான். விற்பவரிடம் விலை கேட்கும்போது இப்படி ஒரு தமிழ்ச் செய்தியைக் காட்டி, "இதற்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். மாதக் கட்டணத்தில் எத்தனை செய்தி அடங்கும், நிறுத்தினால் வாடிக்கையாளர் இலக்கங்கள் யாரிடம் இருக்கும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

செய்தியில் நிமிடக் கணக்கு வேண்டாம். ஒருவரை டொக்டர் இரண்டு நிமிடத்தில் அனுப்புவார், இன்னொருவரோடு கால் மணி நேரம் இருப்பார். நம்பரைச் சொன்னால் போதும், கிண்ணியாவிலிருந்து எப்போது புறப்படுவது என்று அவர்களே கணக்குப் போடுவார்கள். நம்பர் தாண்டிப் போனவரை எத்தனை பேருக்குப் பிறகு விடுவீர்கள் என்பதையும் துண்டில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடியுங்கள். பெரும்பாலான சண்டை அந்த இடத்தில்தான் வருகிறது.

அப்புறம், கரண்ட். பலகையின் பிளக்கைக் கழற்றி மறுபடி போட்டுப் பாருங்கள். நம்பர் 00க்குப் போனால் அதற்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு சிறிய யூபிஎஸ் (கரண்ட் போனாலும் சற்று நேரம் ஓடவைக்கும் பெட்டரிப் பெட்டி) வாங்குங்கள். நான் காசு போடச் சொல்வது அதற்குத்தான்.

கேள்வி: நிலாவெளி வீதியில் கொத்துக்கடை வைத்திருக்கிறேன். ஓடர் தந்தவர்கள் கடற்கரைப் பக்கம் போய்விடுகிறார்கள். கையில் கொடுத்தால் அதிர்ந்து கூப்பிடும் பஸர் செட் ஒன்றை இணையத்தில் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: பெட்டியில் போட்டிருக்கும் தூரம் வெட்டவெளிக்கானது. இடையில் இரண்டு சுவர் வந்தால் குறைந்துவிடும். கடையில் வைத்துச் சோதித்துப் பார்க்கத் தருகிறவரிடம் மட்டும் வாங்குங்கள். இது ரேடியோ அலையில் வேலை செய்வதால், வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைப்பதற்கு முன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பற்றி விசாரியுங்கள். உப்புக்காற்றில் சார்ஜ் ஏறும் பித்தளை முனைகள் பச்சை பிடிக்கும், அவற்றை அடிக்கடி துடைக்க வேண்டும். தொலைந்தால் தனியாக ஒன்று வாங்கக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். என்னைக் கேட்டால், கடற்கரை வரை போகிறவர்களுக்குப் போன் செய்வதே நல்லது.

கேள்வி: ஒரு கடையில் வரிசை நம்பர் தருவதற்குத் தேசிய அடையாள அட்டை இலக்கமும் பிறந்த திகதியும் கேட்டார்கள். கொடுத்தேன். இப்போது தினமும் விளம்பர எஸ்எம்எஸ் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: வரிசைக்குப் போன் இலக்கம் போதும். அடையாள அட்டை இலக்கத்துக்கும் பிறந்த நாளுக்கும் அங்கே வேலை இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு தேவைக்காக வாங்கிய விபரத்தைப் பொருந்தாத வேறொன்றுக்குப் பாவிக்கக்கூடாது என்கிறது. உங்கள் விபரங்களை அழிக்கும்படி கடைக்கு எழுத்தில் கேளுங்கள், ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வந்த எஸ்எம்எஸ்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். அந்தக் கடையில் வாங்கிய பொருளிலோ பில்லிலோ வேறு குறை இருந்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் அழைத்துச் சொல்லலாம்.