ரெசிடென்ட் டிஜே என்றால் யார்? இப்போது ஏன் அதிகம் பேசப்படுவதில்லை?

ஒரே நைட் கிளப்பில் வாராவாரம் பாட்டு போடும், அந்த இடத்துக்கே சொந்தமான டிஜேதான் ரெசிடென்ட். டீக்கடை மாஸ்டர் ஆளைப் பார்த்ததுமே லைட்டா ஸ்ட்ராங்கா என்று கண்டுபிடிப்பாரே, அதே மாதிரி இவருக்குத் தன் கூட்டத்தின் நாடி அத்துப்படி. கதவு திறந்ததும் ஆடும் தளம் காலியாக இருக்கும், அப்போதே பெரிய ஹிட்டைப் போட்டுவிட்டால் நள்ளிரவுக்கு மிச்சம் எதுவும் இருக்காது, அதனால் வேகம் குறைந்த பாட்டில் ஆரம்பித்து மெல்ல மெல்ல ஏற்றுவார். அது லேசுப்பட்ட வேலை இல்லை.

ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையே இப்படி வளர்ந்ததுதான். சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பில் 1977 முதல் 1982 வரை ரெசிடென்டாக இருந்த ஃபிராங்கி நக்கிள்ஸ், டிஸ்கோ பாட்டுகளை டேப்பில் வெட்டி ஒட்டி, ஆடுவதற்குத் தோதான பகுதிகளை நீட்டிப் போட்டார். எது எடுபடுகிறது என்று ஆடுகிறவர்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம்.

சரி, என்ன மாறியது? முன்பு கிளப்பில் பேர் வாங்கினால் வெளியூர் வாய்ப்பு வரும். இப்போது முதலில் சொந்தமாகப் பாட்டு தயாரிக்க வேண்டும், அது இணையத்தில் ஓட வேண்டும், அப்புறம்தான் இசை விழா மேடை. அங்கே கிடைப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரம், பொறுமையாக ஏற்ற நேரமே இல்லை. இது எனக்குப் பெரிய இழப்பாகவே தெரிகிறது.

வெளியே வாய்ப்புக் கிடைக்காதவர்தான் ரெசிடென்ட் ஆவார் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் உலகமெல்லாம் சுற்றிய பிரிட்டிஷ் டிஜே கார்ல் காக்ஸ் 2016 வரை ஸ்பெயினின் இபிசா தீவில் இருந்த ஸ்பேஸ் கிளப்பில் ரெசிடென்டாகத்தான் இருந்தார்.