ஏழு புள்ளி இருந்தால் அது 1920களின் கத்தி இல்லை

1920களின் 'கேட்டில்' வகை மடக்குக் கத்தி என்று உங்களுக்கு விற்றிருக்கிறார்கள், அலகின் அடியில் 'கேஸ் எக்ஸ்எக்ஸ் யு.எஸ்.ஏ.', கீழே ஏழு புள்ளி, பின்பக்கம் 6318 என்கிறீர்கள். சரி, அந்தப் புள்ளிகளே போதும். அமெரிக்காவின் கேஸ் கத்தி நிறுவனம் 1970இல் பத்துப் புள்ளியில் தொடங்கி ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தது, அப்படிப் பார்த்தால் 1973. ஆனால் லென்ஸ் வைத்து 'எஸ்' எழுத்தைப் பாருங்கள்; வளைவில்லாமல் மின்னல் கீற்று மாதிரி உடைந்திருந்தால் 1980இல் தொடங்கிய அடுத்த சுற்று, அதாவது 1983. எண்ணில் 6 எலும்புக் கைப்பிடி வகை, 3 அலகுகளின் எண்ணிக்கை, 18 வடிவம்.

அப்புறம், இது கேட்டில் கத்தியே இல்லை, ஸ்டாக்மேன் என்ற வேறு வகை மடக்குக் கத்தி. கேட்டிலுக்குக் கைப்பிடியின் இரண்டு முனையும் ஒரே அளவில் உருண்டிருக்கும், உங்களுடையது நீங்கள் அனுப்பிய படத்தில் நன்றாகவே நெளிகிறது. அதிலுள்ள மொண்ணை முனை ஸ்பே அலகு கன்றுகளுக்குக் காயடிக்க வைத்தது, கூர்முனையாக இருந்தால் தவறிக் குத்திவிடும் என்பதால்தான் அந்த வடிவம்.

துருவை எடுக்க பஃப் (சுழலும் மெருகுச் சக்கரம்) போடலாமா என்று கேட்டீர்களே, தயவுசெய்து வேண்டாம்! முத்திரை தேய்ந்தால் சேகரிப்பவர் யாரும் தொடமாட்டார். எண்ணெய் தொட்டுத் துணியால் பொறுமையாகத் துடையுங்கள். இல்லை, திருப்பிக் கொடுப்பதாக இருந்தால் துடைக்காமலே அந்தப் புள்ளிகளைப் படமெடுத்து விற்றவருக்கு அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள்.